நண்பன் ஜெயிச்சா ஏன் வலிக்குது? 'அண்ணாமலை' முதல் 'இருவர்' வரை

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

வேலம்பாளையத்துல என்னோட ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து படிச்ச நண்பன் ஒருத்தன். ப்ளஸ் டூ முடிச்சதும் பனியன் கம்பெனியில கைமடியா சேர்ந்தான். நான் இன்ஜினியரிங் போனேன். போன மாசம் சொந்த யூனிட்டுக்குப் பால் காய்ச்சி, போட்டோ அனுப்பினான். வரிசையா புது மெஷின்கள். 'சூப்பர் மாப்ள'ன்னு டைப் பண்ணேன். ஆனா உள்ள ஏதோ சுருக்குன்னுச்சு.

இந்தச் சுருக்கை நம்ம சினிமா எப்படிக் காட்டியிருக்கு?

1992-ல வந்த 'அண்ணாமலை'யை எடுத்துக்கோங்க. பால்காரர் ரஜினி, பணக்கார நண்பர் சரத்பாபு. இந்தியில 1987-ல வந்த 'குத்கர்ஸ்' படத்தோட தழுவல். நண்பர்கள் எதிரி ஆகுறாங்க, சவால் விடுறாங்க. ஆனா கவனிச்சீங்கன்னா, விரிசலுக்கு மூல காரணம் நண்பனோட அப்பா. மூணாவது ஆள் மேல பழியைப் போட்டுட்டதால, கடைசியில ரெண்டு பேரும் சுலபமா கட்டிப்பிடிச்சுக்கலாம். நட்பு சுத்தமாவே இருக்கும்.

1997 ஜனவரியில வந்த மணிரத்னத்தோட 'இருவர்' அந்த வசதியைத் தரல. மோகன்லால் நடிகர், பிரகாஷ்ராஜ் எழுத்தாளர். எம்.ஜி.ஆர்., கலைஞர் உறவின் நிழல்ல உருவான புனைவு அது.

நிஜக் கதை தொடங்கினது நம்ம கொங்கு மண்ணுலதான். ஜூபிடர் பிக்சர்ஸோட 'ராஜகுமாரி' கோவையில தயாராச்சு, 1947-ல வெளியாச்சு. 1936-லயே சினிமாவுக்கு வந்தும் சின்னச் சின்ன வேஷத்துலயே இருந்த எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் கதாநாயகன் வாய்ப்பு. அப்போ அவருக்கு முப்பது வயசு. வசனத்துல வேலை செஞ்ச கலைஞருக்கு இருபத்து ரெண்டு. அப்புறம் 'மந்திரிகுமாரி', 'மலைக்கள்ளன்'னு சேர்ந்தே ஏறினாங்க. ஒருத்தர் முகம், இன்னொருத்தர் வார்த்தை.

1969-ல கலைஞர் முதல்வர், எம்.ஜி.ஆர். கட்சிப் பொருளாளர். 1972 அக்டோபர்ல எம்.ஜி.ஆர். மேடையில கட்சிக் கணக்கு கேட்டார், நீக்கப்பட்டார், புதுக்கட்சி தொடங்கினார். 1977-ல அவரே முதல்வர். கொள்கை, கணக்கு, அதிகாரம்னு வரலாறு இதுக்குப் பல காரணம் சொல்லும். மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு சொல்லாது. அந்த இடத்துலதான் புனைவு நுழையுது.

படத்துல ஒருத்தனோட வார்த்தை, இன்னொருத்தனுக்குக் கைத்தட்டல் வாங்கித் தருது. ஒருத்தன் கட்டின மேடையில இன்னொருத்தன் பெருசாத் தெரியுறான். தூரத்துல இருக்குறவன் ஜெயிச்சா நமக்குச் செய்தி. கூட இருந்தவன் ஜெயிச்சா, நம்ம வாழ்க்கைக்கு அவன் அளவுகோல் ஆயிடுறான். பொறாமை நட்புக்கு வெளியில இருந்து வரல, அதே நெருக்கத்துல இருந்துதான் வருது. அதனாலதான் நண்பன் போனப்புறம் தமிழ்ச்செல்வன் அழுற அழுகை அவ்வளவு கனமா இருக்கு.

'இருவர்' வசூல்ல பெருசா ஓடல. பழி போட வில்லன் இல்லாத கதை, பார்க்குறவனைச் சும்மா விடாதில்ல?

போன ஞாயித்துக்கிழமை நண்பனுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சிரிச்சான்.

"உனக்கு கேம்பஸ்ல வேலை கிடைச்சப்போ ரெண்டு நாள் நான் போனே எடுக்கலையே, ஞாபகம் இருக்கா? காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சல் எல்லாம் ஒண்ணுமில்லடா."

அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். அந்த யூனிட்டை நேர்ல பார்க்கணும்.