பானியும் தண்ணியும்

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை ஒட்டிய சந்துகளில் மூன்று மணிக்கு மேல் ஒரு பக்கத்துத் திண்ணை குளிர்ந்துவிடும். நேற்று அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு அக்கா பேரப்பிள்ளைகள் இருவரையும் கூட்டிவந்தார். “தம்பி, செத்த நேரம் இதுகளப் பாத்துக்கங்க, அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று என் திண்ணையில் விட்டுவிட்டுப் போனார். பெரியவளுக்கு மூன்றேகால் வயது. சின்னவனுக்கு இரண்டு முடிந்து நாலு மாதம். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு எவர்சில்வர் டம்ளரும் வைத்தேன். அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

தண்ணீரை மொண்டு படியில் ஊற்றுவதும், அது ஓடிக் காய்வதைப் பார்ப்பதுமாக அரை மணி போயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்கள் வாயை. அக்கா மாடி ஜன்னலில் தலை நீட்டினால் சின்னவன் டம்ளரைத் தூக்கிக் காட்டி “பானி” என்கிறான். என் பக்கம் திரும்பினால் அதே டம்ளர், “தண்ணி”. பொம்மையிடம் அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரம். சந்தில் படுத்திருக்கும் கருப்பு நாயை விரட்டத் தமிழ். ஐஸ் வண்டிக்காரருக்குத் தமிழ். அக்காளும் தம்பியும் டம்ளருக்கு அடித்துக்கொள்ளும்போது சௌராஷ்டிரம். நான் விலக்கப் போனால், என்னிடம் புகார் மட்டும் தமிழில் வருகிறது. இந்தக் கணக்கை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன். வீட்டில் தமிழ் மட்டும்தான். பிறந்ததிலிருந்து இந்தச் சந்தில் இருந்தும் சௌராஷ்டிரத்தில் எனக்கு வந்தது இருபது சொல் இருக்கும். அவற்றிலும் முதலில் கற்றவை வசவுகள். அதற்குக் காரணம் பாவு.

அறுபதுகளில் விடியற்காலையில் இந்தத் தெருவே தறிக்கூடத்தின் முற்றமாக இருக்கும். பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் நீவிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். இடுப்பு உயரத்தில் நூல் கூரை போட்டதுபோல் இருக்கும். எங்களைப் போன்ற வாண்டுகளுக்கு அதற்கடியில் குனிந்து ஓடுவதைவிட வேறு விளையாட்டு கிடையாது. தலை பட்டால் இழை அறும். இழை அறுந்தால் அதைத் தேடி முடிய அரை நாழிகை. அப்போது விழுந்த வசவில் தமிழ்ப்பிள்ளை, சௌராஷ்டிரப் பிள்ளை என்ற பேதமே இருந்ததில்லை.

இந்தச் சௌராஷ்டிரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்குப் பெயரே சாட்சி. கத்தியவாரும் அதைச் சூழ்ந்த நாடும் சௌராஷ்டிரம். இன்றைய மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. லாட தேசத்திலிருந்து, அதாவது தென் குஜராத்திலிருந்து, குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு அங்கே சூரியன் கோயில் கட்டியதையும், கி.பி. 473-இல் அதைப் புதுப்பித்ததையும் அது சொல்கிறது. அந்தக் குழுவே தங்கள் முன்னோர் என்பது இவர்கள் மரபு. பிறகு தேவகிரி, விஜயநகரம் என்று தெற்கே இறங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையில் ஊன்றினார்கள் என்பார்கள். பழைய ஆவணங்கள் இவர்களைப் ‘பட்டுநூல்காரர்’ என்கின்றன. குஜராத்தியும் மராத்தியும் உறவாகத் தெரியும் அவர்கள் பேச்சில் தெலுங்குச் சொற்களும் தமிழ்ச் சொற்களும் ஏறியிருப்பதற்கு அந்த நடைதான் காரணம். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய மகாலைச் சுற்றி இன்றும் அவர்கள் வீடுகள்தான் அதிகம்.

வந்த ஊரின் மொழியில் கரைந்துபோக இத்தனை நூற்றாண்டு தாராளம். ஏன் கரையவில்லை? பள்ளிக்கூடத்தால் என்று சொல்ல முடியாது. மதுரையில் இச்சமூகத்தார் 1886-லேயே பள்ளி தொடங்கினார்கள். அங்கே படித்தவர்கள் தமிழும் இங்கிலீஷும் நன்றாகப் படித்து வெளியே வந்தார்கள். எழுத்தால் என்றும் சொல்ல முடியாது. தொ. மு. ராமராய் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சௌராஷ்டிர லிபியைச் சீராக்கிப் பாடநூல்கள் அச்சிட்டார். லிபி வேண்டும் என்றவர்கள், நாகரி போதும் என்றவர்கள், தமிழெழுத்தே நல்லது என்றவர்கள் என வழக்கு நீண்டுகொண்டே போனது. தமிழெழுத்தில் எழுதுகிறவர்கள் ‘க’வின் தோளில் 2, 3, 4 என்று சிற்றெண் போட்டு நான்கு ஒலியையும் பிரித்துக் காட்டுவார்கள். 2008-இல் சௌராஷ்டிர லிபி யூனிகோடில் சேர்ந்தது. அக்காவின் கைப்பேசியில் அந்த எழுத்து தெரியும். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது.

என் கணக்கில் மொழியைக் காத்தது வீட்டு வேலை. தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஆண் நெய்தால் பெண் ராட்டையில் தார் சுற்றுவாள். தவழும் பிள்ளை தறிக் குழிக்குள் விழாமல் பாட்டி பார்த்துக்கொள்வாள். நூலைப் பற்றிய பேச்செல்லாம் வீட்டு மொழியில் நடந்தது. விலை பேசும்போது வாங்க வந்தவர் முன்னாலேயே பங்காளியோடு கலந்துகொள்ளவும் அது உதவியது. அதை நானே சங்கத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி குறித்த வெள்ளைத் துணியை அக்கா அந்தக் காலத்தில் மடியில் போட்டுக்கொள்வார். புள்ளி இருக்கும் இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி, அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போவார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. கண் துணியில், கை நூலில். வாய் மட்டும் சும்மா கிடக்கும். அந்த வாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையோடு மணிக்கணக்கில் பேசும். சாயத்தில் முக்கி எடுத்துக் காய்ந்தபின் இரண்டு பேர் துணியை இரு முனையிலும் பிடித்து வெடுக்கென்று இழுப்பார்கள். முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும். சிவப்பில் வெள்ளைப் பொட்டு பூக்கும். அந்தச் சத்தத்துக்காகத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடுவோம். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அக்கா முடிச்சுப் போடுவதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கூலி கட்டவில்லை, கண்ணும் தெரியவில்லை.

இரண்டு மொழியில் வளரும் குழந்தைக்கு இரண்டும் அரைகுறையாகும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சில பெயர்கள் சொல்வேன். 1922-இல் இதே மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர் டி. எம். சௌந்தரராஜன். தமிழை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று நாடே அவர் குரலைக் கேட்டுத்தான் கற்றது. கும்பகோணத்தில் எம். வி. வெங்கட்ராம் சரிகை வியாபாரத்தோடு தமிழில் கதை எழுதினார். தன் சமூகத்து நெசவாளர் வாழ்க்கையை ‘வேள்வித் தீ’ நாவலாக்கினார். ‘காதுகள்’ நாவலுக்கு 1993-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) இரண்டு மொழியிலும் கீர்த்தனை பாடினார். இவர்களும் ஒருகாலத்தில் திண்ணையில் டம்ளர் வைத்து விளையாடியவர்கள்தானே.

2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் பேர். எண்ணைப் பார்த்தால் கவலை இல்லை. எங்கள் சந்தைப் பார்த்தால்தான் கவலை. தறி போய்விட்டது. கடைசித் தறிக் குழியை மூடி அதன்மேல் டைல்ஸ் போட்டு இரு சக்கர வண்டி நிறுத்துகிறார்கள். இந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பா இருவரும் காலை எட்டரைக்கு வேலைக்குப் போனால் இரவு ஏழரைக்குத்தான் வருகிறார்கள். வந்ததும் பிள்ளைகளோடு பாதி இங்கிலீஷ். மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை, அக்காவின் வாயும் இந்தத் திண்ணையும்தான் அந்த மொழிக்கு மிஞ்சியிருக்கும் தறிக்கூடம். அடுத்த வருஷம் பெரியவள் எல்.கே.ஜி. போகிறாள்.

ஐந்து மணிக்கு வாளியில் அடிமட்டத் தண்ணீர்தான் இருந்தது. சின்னவன் சட்டை முழுக்க நனைந்து, டம்ளரை என் முழங்காலில் தட்டி, என்னைப் பார்த்து “பானி” என்றான். அக்கா ஜன்னலில் இல்லை. என்னிடம்தான் கேட்டான். நான் எழுந்து உள்ளே போய்ச் செம்பில் கொண்டுவந்து ஊற்றினேன்.

பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. தம்பி தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“தாத்தாகிட்ட தண்ணின்னு கேக்கணும்டா.”

அதற்குள் அவன் குடித்து முடித்திருந்தான்.