பழகிய கிருமி பணிந்துபோகுமா?

ஆலங்குடி, புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்றாக இருந்த காலத்தில், 1918-இல், இன்ஃபுளுயன்சா காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஜூனில் பம்பாயில் தொடங்கிய முதல் அலை லேசாகக் கடந்துபோனது. செப்டம்பரில் கிளம்பிய இரண்டாம் அலைதான் வீடுகளைக் காலி செய்தது. நூறாண்டு கழித்துக் கொரோனாவும் இதே வரிசையில் வந்தது. தமிழகத்தில் முதல் தொற்று 2020 மார்ச் 7-இல் உறுதியானது. புதுக்கோட்டை மாவட்டமோ ஏப்ரல் 20 வரை தப்பித்திருந்தது. அடுத்த ஆண்டு டெல்டா என்ற திரிபு வந்தபோது அந்த நிம்மதி நிலைக்கவில்லை. நாள்பட நாள்படக் கிருமியின் வீரியம் குறையும் என்ற நம்பிக்கையை இரண்டு வரலாறுகளும் பொய்யாக்குகின்றன.

காரணம் கிருமியின் உடலிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழைதான் கொரோனா வைரஸின் மரபணுத் தொகுதி. படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்த அதனிடம் ஒரு நொதி உண்டு. அதனால் அது ஃபுளூ வைரஸைவிட மெதுவாகவே மாறுகிறது. ஆனாலும் கோடிக்கணக்கான உடல்களில் பெருகும்போது சில பிழைகள் தங்கிவிடுகின்றன. டெல்டாவின் கூர்ப்புரதத்தில் 681-ஆம் இடத்தில் புரோலின் போய் ஆர்ஜினின் வந்தது. நம் செல்லின் ஃபியூரின் நொதி அந்தப் புரதத்தை வெட்டும் இடம் அதற்கு அருகில்தான். வெட்டு எளிதானது, செல்லுக்குள் நுழைவதும் எளிதானது. இயற்கைத் தேர்வு பார்ப்பது பரவலை மட்டுமே. நோயாளி முதல் சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றைக் கொடுத்துவிடுவதால், பிறகு அவர் இறந்தாலும் வைரஸுக்கு இழப்பில்லை.

அப்படியானால் டெல்டாவுக்குப் பின் வந்த ஒமைக்ரான் திரிபு ஏன் லேசாக இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒமைக்ரான் நுரையீரலைவிட மேல் சுவாசப் பாதையில் அதிகம் பெருகியது உண்மை. ஆனால் அது டெல்டா சாதுவாகிப் பிறந்த பிள்ளையல்ல. தனிக் கிளையில் கிளைத்தது. 2021 நவம்பரில் அது வெளிப்பட்டபோது பெரும்பாலோர் தடுப்பூசியோ முந்தைய தொற்றோ பெற்றிருந்தார்கள். தடுப்பூசி போடாத முதியவர்கள் நிறைந்திருந்த ஹாங்காங்கில், 2022 தொடக்கத்தில், அதே ஒமைக்ரான் கொத்துக்கொத்தாக உயிர்களைப் பறித்தது. ஆகவே நாம் கண்ட தணிவில் பெரும்பங்கு நம் உடல் ஈட்டிய எதிர்ப்புச் சக்திக்கே உரியது. இத்தகைய திரிபுகளைக் கண்காணிக்கத் தமிழக அரசு 2021 செப்டம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் மரபணுப் பகுப்பாய்வுக் கூடத்தைத் திறந்தது. ஆலங்குடி போன்ற சிற்றூர்களின் சளி மாதிரிகளும் தவறாமல் அங்கே போய்ச் சேர வேண்டும். கிருமியின் கருணையை நம்பி அந்தக் கண்காணிப்பைக் கைவிடக் கூடாது.