எபிடாரஸில் இரண்டு நடிகைகள்

கோடை இரவில் எபிடாரஸ் திறந்தவெளி அரங்கில் துன்பியல் நாடகம் பார்ப்பதைத் தொன்மையான மரபென்றே பலரும் எண்ணுகிறோம். அரங்கு கி.மு. 4ஆம் நூற்றாண்டினது; மரபோ நேற்றையது. நவீன காலத்தில் அங்கே முதலில் நிகழ்ந்த நாடகம், 1938 செப்டம்பரில் ரொண்டிரிஸ் இயக்கிய சோஃபக்ளிஸின் ‘எலெக்ட்ரா’. மகளாக கத்தினா பாக்ஸினூ. கொலையுண்ணும் தாயாக எலெனி பாபதாக்கி. (அக்கொலையை சோஃபக்ளிஸ் மேடையில் காட்டுவதில்லை. உள்ளிருந்து தாயின் அலறல் மட்டும் கேட்கும்.)

பின்னர் போர் வந்தது. 1944 மார்ச்சில் பாக்ஸினூ ஹாலிவுட்டில் ஆஸ்கர் பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில், ஏதென்ஸ் தெருச்சண்டைகளுக்கிடையே, எதிரிக்கு உடந்தையென்று குற்றஞ்சாட்டி கம்யூனிஸ்ட் ஆயுதக்குழுவினர் பாபதாக்கியைக் கொன்றனர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது அவர் ஏற்றுப் புகழடைந்த வேடம் யூரிப்பிடிஸின் ஹெக்குபா. அனைத்தையும் இழந்த அரசி.

1955 கோடையில் எபிடாரஸ் விழா முறையாகத் தொடங்கியபோது அரங்கேறியதும் ‘ஹெக்குபா’தான். அரசியாக நின்றவர் பாக்ஸினூ.