சூதாட்டம்: திறமையா, அதிர்ஷ்டமா? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

முன்னுரை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில், கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது சதுரங்கப்பட்டினம். பெயரைக் கேட்டவுடன் சதுரங்க ஆட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஊருக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பில்லை. சதிரவாசகன் பட்டினம் என்ற பழைய பெயரே மருவி இப்படி ஆனது என்று சொல்லப்படுகிறது. ஐரோப்பியர் வாயில் அது சட்ராஸ் ஆகிவிட்டது.

பெயர்ப் பொருத்தம் போல, 2022-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 44-வது செஸ் ஒலிம்பியாட் இந்தக் கரையில்தான், மாமல்லபுரத்தில் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்தன. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் 2022-ல், இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்வது பற்றி ஆராய நீதியரசர் சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒரு குழுவை அமைத்திருந்தது. ரம்மியும் போக்கரும்தான் அந்த விவாதத்தின் மையம்.

ஒரே கோடையில் ஓர் ஆட்டத்துக்கு வரவேற்பு வளைவு, இன்னொரு ஆட்டத்துக்குத் தடைச் சட்டம். இரண்டையும் பிரிப்பது எது? ஒன்று திறமை, மற்றது அதிர்ஷ்டம் என்பது வழக்கமான பதில். ஆனால் போக்கர் ஆடித் தோற்றவர்களைக் கேட்டால் விஷயம் அவ்வளவு எளிதல்ல என்பது தெரியும். இந்தப் பகுதியின் பழைய கதைகளும் அதையேதான் சொல்கின்றன.

கிளாவரும் ஆட்டினும்

முதலில் சீட்டுக்கட்டைப் பற்றி ஒரு செய்தி. சீட்டில் மூன்று இதழ் போட்ட கறுப்புச் சின்னத்தைத் தமிழ்நாட்டில் கிளாவர் என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் கிளப்ஸ் என்றுதான் பெயர். கிளாவர் என்பது டச்சுச் சொல். அதேபோல் ஹார்ட்ஸுக்கு நம் ஊர்களில் வழங்கும் ஆட்டின் என்ற பெயர், டச்சு மொழியின் ஹார்டன் என்ற சொல்லுக்கு மிக நெருக்கமானது. இலங்கையில் சிங்களவர் சொல்லும் இஸ்கோப்ப, கலாபர முதலிய சீட்டுப் பெயர்களும் டச்சு வழியில் வந்தவையே.

பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று இந்தக் கடற்கரை நெடுகிலும் டச்சுக்காரர்கள் கோட்டையும் கிடங்கும் வைத்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் அவர்களை ஈர்த்தது மெல்லிய பருத்தித் துணி. 1824 ஒப்பந்தத்தின்படி ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இடிபாடாக நிற்கிறது. அவர்கள் சொன்ன சீட்டுப் பெயர்கள் மட்டும் திண்ணைகளில் தங்கிவிட்டன.

ஆனால் சூது அவர்களோடு வந்ததல்ல. கீழடி அகழாய்வில் யானைத் தந்தத்தால் செய்த பகடைக்காய் கிடைத்திருக்கிறது. திருக்குறளில் சூதுக்கென்றே ஒரு தனி அதிகாரம் (94) இருக்கிறது. இன்று மூளை ஆட்டம் என்று போற்றப்படும் சதுரங்கத்தைக்கூட ஒரு காலத்தில் பகடை உருட்டி ஆடினார்கள். நான்கு பேர் சேர்ந்து பகடையோடு ஆடும் சதுரங்கத்தை, சுமார் 1030-ல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி குறிப்பிட்டிருக்கிறார். ஆக, திறமை ஆட்டமும் அதிர்ஷ்ட ஆட்டமும் ஆதியில் ஒரே பலகையில்தான் இருந்தன.

களத்தூர்ப் புலவர் சொன்ன கதை

செங்கல்பட்டுக்கு அருகில் பொன்விளைந்த களத்தூர் என்ற ஊர் உள்ளது. நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவரின் ஊர் அது என்பது மரபு. சூதில் எல்லாவற்றையும் இழந்த ஒருவனைப் பற்றிய தமிழின் புகழ்பெற்ற காவியம், சதுரங்கப்பட்டினத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊர்க்காரருடையது.

இந்தக் கதை சொல்லப்படும் இடமே கவனிக்க வேண்டியது. தருமர் சூதில் நாட்டையும் தம்பிகளையும் பாஞ்சாலியையும் வைத்துத் தோற்று, காட்டில் இருக்கிறார். என்னைப் போல் துன்பப்பட்டவன் உலகில் உண்டா என்று கேட்கிறார். அப்போது முனிவர் சொல்லும் கதைதான் நளன் கதை. தோற்றவனுக்கு ஆறுதலாக இன்னொரு தோற்றவனின் கதை.

நளன் புட்கரனோடு ஆடுகிறான். வைத்ததெல்லாம் போகிறது. அமைச்சர்கள் தடுக்கிறார்கள், தமயந்தி தடுக்கிறாள், கேட்கவில்லை. வியாச பாரதத்தில் தமயந்தி ஒரு முடிவு எடுக்கிறாள். ஆட்டம் முடிவதற்குள்ளாகவே தேரோட்டியை அழைத்து, இரண்டு குழந்தைகளையும் தன் தந்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். அரண்மனையில் தெளிவாகக் கணக்குப் போட்டவள் அவள் ஒருத்திதான்.

கடைசியில் புட்கரன், இனி தமயந்தியை வைத்து ஆடு என்கிறான். இங்கேதான் நளனும் தருமரும் பிரிகிறார்கள். தருமர் அந்த இடத்தில் ஆடினார். நளன் எழுந்துவிட்டான். நாடு போனது, பொருள் போனது. ஆனாலும் மனைவியோடு நடந்து வெளியேறினான். தோல்வி இருவருக்கும் பொது. வித்தியாசம், எழுந்த இடத்தில் இருக்கிறது.

தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பதும், இரவில் தெருக்கூத்து ஆடுவதும் இன்றும் உண்டு. அவற்றில் ‘பகடை துகில்’ முக்கியமான கூத்து. முடிவு தெரிந்த கதைதான். ஆனாலும் ஒவ்வொரு முறை பகடை உருளும்போதும், இப்போதாவது எழுந்திருக்கக் கூடாதா என்ற தவிப்பு பார்ப்பவருக்கு வரும்.

தான்றி மரத்தடியில்

நளன் கதையின் பிற்பகுதி திறமையைப் பற்றியது. நளன் மாறுவேடத்தில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரம். அதன் இரு கிளைகளில் எத்தனை காய்கள் என்பதை மன்னன் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான். வியாசர் தரும் கணக்கு 2095. நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. உடனே குதிரை செலுத்தும் வித்தையைக் கொடுத்து, எண்ணும் வித்தையையும் பகடை வித்தையையும் மன்னனிடம் பெற்றுக்கொள்கிறான். பண்டைக்காலத்தில் தான்றிக்காயையே பகடையாக உருட்டினார்கள் என்பதால் மரத்தேர்வும் பொருத்தமானது. நிகழ்தகவுக் கணிதத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தக் காட்சியைச் சுட்டிக்காட்டுவதுண்டு.

வித்தை கற்ற நளன் மறுபடி புட்கரனோடு ஆடி நாட்டை மீட்கிறான். ஆக, சூது திறமை ஆட்டம்தான் என்று வாதிடுபவர்களுக்கு இது நல்ல சான்று. ஆனால் ஒரு செய்தியை மறந்துவிடக் கூடாது. வியாச பாரதத்தில், அந்த மறு ஆட்டத்தில் நளன் தமயந்தியையும் பணயமாகச் சொல்கிறான். ஒன்றும் தெரியாமல் தோற்றபோது வைக்க மறுத்ததை, வித்தை தெரிந்த பிறகு தானே முன்வந்து வைக்கிறான். திறமை அவனுக்கு வெற்றியைத் தந்தது, கூடவே துணிச்சலையும் ஏற்றிவிட்டது.

போக்கர் ஆடுபவரின் சிக்கல்

போக்கர் அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்றுப் படகுகள் வழியாகப் பரவிய ஆட்டம். இன்று பிரபலமான டெக்சாஸ் ஹோல்டம் வகையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர், இணையத்தில் சிறு கட்டணப் போட்டி ஒன்றின் மூலம் தகுதி பெற்று, உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு கலந்துகொண்டவர்கள் 839 பேர். அடுத்த ஆண்டு 2576 பேர். ஒருவர் வென்ற செய்தி உலகைச் சுற்றியது. பட்டத்தை இழந்த 838 பேரின் பெயரை யாரும் கேட்கவில்லை.

சாதாரண ஆட்டக்காரரை இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு வதைக்கிறது? சரியாக முடிவெடுத்தாலும் தோற்க நேரும் என்பதால்தான். ஓர் உதாரணம். ஒருவரிடம் ஒரே சின்னத்தில் நான்கு சீட்டுகள் சேர்ந்துவிட்டன. இன்னொன்று வந்தால் வெற்றி. ஒரே ஒரு சீட்டுதான் திறக்க வேண்டும். அவர் பார்க்காத சீட்டுகள் 46, அதில் அவருக்கு வேண்டியவை 9. அதாவது ஐந்துக்கு ஒரு வாய்ப்பு. நடுவில் 500 ரூபாய் இருக்கிறது, எதிராளி 100 வைக்கிறார். இவரும் 100 வைக்கலாமா? வைக்கலாம். ஐந்து முறை ஆடினால் நான்கு முறை நூறு நூறாக 400 போகும், ஒரு முறை 600 வரும். கணக்குப்படி இது சரியான முடிவு. ஆனால் அந்தச் சரியான முடிவு ஐந்தில் நான்கு தடவை தோல்வியில்தான் முடியும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா. 100-க்கு சுமார் 82 முறை ஏஸ் வெல்லும். மீதி முறைகளில் ராஜா வென்றுவிடும். இப்படித் தோற்பதை ஆட்டக்காரர்கள் பேட் பீட் என்பார்கள். அதற்குப் பிறகு கோபத்தில் நிதானம் இழந்து ஆடுவதற்கு டில்ட் என்று பெயர். ஒருவர் மாதக்கணக்கில் சேர்த்த பணம் பெரும்பாலும் கரைவது மோசமான சீட்டினால் அல்ல, இந்த டில்ட்டில்தான். தவறு செய்யாதபோது கிடைத்த தோல்வி, அடுத்த ஒரு மணி நேரத்தில் தவறு மேல் தவறு செய்ய வைக்கிறது. போதாக்குறைக்கு, ஆட்டம் நடத்தும் நிறுவனம் பணம் சேரும் ஆட்டங்களில் எல்லாம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எனவே சம திறமை உள்ளவர்கள் நீண்டகாலம் ஆடினால் எல்லோருக்கும் நஷ்டம்தான்.

ரம்மியில் ஸ்கூட் விடுவது போலப் போக்கரிலும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். ஏற்கனவே நடுவில் போட்ட பணம் இனி தன்னுடையதல்ல என்று ஒப்புக்கொண்டால்தான் அது முடியும். அதுதான் மிகக் கடினம். இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியை விடப் பெரிது என்பதையும், நஷ்டத்தில் இருப்பவர் அதிக ஆபத்தை விரும்பி ஏற்பார் என்பதையும் கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-ல் விளக்கினார்கள். திருவள்ளுவர் இதை எப்போதோ சொல்லிவிட்டார். இழக்க இழக்கச் சூதின் மேல் ஆசை கூடும், உடல் துன்பப்படப்பட உயிர்மேல் ஆசை கூடுவது போல என்பது அவர் கருத்து. வெற்றியைப் பற்றியும் எச்சரிக்கிறார். சூதில் கிடைக்கும் வெற்றி, இரை என்று மீன் விழுங்கிய தூண்டில் முள்ளாம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நீதிமன்றங்களில்

சட்டம் வேறு கேள்வியைக் கேட்டது. 1930-ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம், திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. எனவே ஒவ்வொரு ஆட்டமும் திறமையா, அதிர்ஷ்டமா என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றது. மூன்று சீட்டு அப்படி அல்ல என்றது. 1996-ல் கிண்டி குதிரைப் பந்தயமும் திறமை என்று தீர்ப்பானது. போக்கரில்தான் குழப்பம். மேற்கு வங்கச் சட்டம் அதைச் சூதாட்டம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருந்தது. குஜராத் உயர் நீதிமன்றமோ 2017-ல் அது சூதாட்டமே என்றது.

கொரோனா காலத்தில் ஆட்டம் கைப்பேசிக்குள் வந்தது. கடன், தற்கொலை என்று செய்திகள் தொடர்ந்தன. 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சந்துரு குழு அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்தது செல்லாது என்றது.

அதன் பிறகு 2025-ல் வந்த தமிழக விதிமுறைகள் புதிய பாதையில் சென்றன. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் எச்சரிக்கை காட்ட வேண்டும். ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதை எதிர்த்தும் வழக்குகள் தொடரப்பட்டன.

முடிவுரை

போக்கரில் திறமை உண்டா என்றால், உண்டு. ஆனால் ஒருவரைக் காப்பாற்றுவது சீட்டு எண்ணும் திறமை அல்ல. நிறுத்தத் தெரிவதுதான். நள்ளிரவில் ஆட்டத்தை நிறுத்தச் சொன்ன விதியும், ஒரு மணி நேரத்துக்குப் பின் வரும் எச்சரிக்கையும், எழுந்திரு என்று தமயந்தி சொன்னதைத்தான் சட்ட மொழியில் சொல்கின்றன. அந்த அறிவுரையை நளன் காலத்தோடு கேட்கவில்லை. இருந்தாலும் கடைசிப் பணயத்துக்கு முன் எழுந்தான். எல்லாவற்றையும் இழந்தவனுக்கும் எழுந்து போக ஒரு நேரம் இருக்கிறது என்பதைத்தான் களத்தூர்ப் புலவரின் கதை நினைவூட்டுகிறது.