இசைத்தட்டில் அச்சான ஒரே பெயர்



இங்கிலாந்தின் வடகிழக்கே, டைன் ஆற்றங்கரையில் நியூகாசல் என்ற நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் நிலக்கரியும் கப்பல் கட்டும் தளங்களும்தான் அந்நகருக்குச் சோறு போட்டன. அங்கே வாக்கர் என்னும் தொழிலாளர் பகுதியில், 1941ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் பிறந்தவர் பாடகர் எரிக் பர்டன்.

பர்டன் ஓவியக் கல்லூரியில் படித்தவர். ஆனால் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' பாட்டு. கறுத்துத் தடித்த குரல் அவருக்கு. சங்கீதப் பள்ளியில் பதப்படுத்திய குரலன்று. என் காதுக்கு அதுவே அதன் அழகு. அவரும் ஆலன் பிரைஸ், ஹில்டன் வேலன்டைன், சாஸ் சாண்ட்லர், ஜான் ஸ்டீல் ஆகிய நால்வரும் சேர்ந்த குழுவுக்கு 'அனிமல்ஸ்' என்று பெயர். அதாவது, மிருகங்கள்! சாண்ட்லர் கப்பல் தளத்தில் கடைசல் வேலை பார்த்தவர்.

இவர்களுக்குப் புகழ் தந்த பாட்டு 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வீடொன்றில் கெட்டழிந்த ஒருவரின் புலம்பல் அது. இயற்றியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. நம் கும்மியும் தாலாட்டும் போல வாய்வழி வந்த பாட்டு. 1937இல் கெண்டக்கி மாநிலத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள், ஜார்ஜியா டர்னர் என்னும் 16 வயதுப் பெண் பாட, ஆலன் லோமாக்ஸ் என்பவர் அதை ஒலிப்பதிவு செய்து வைத்தார்.

அனிமல்ஸ் குழுவினர் 1964 மே மாதத்தில் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, இடையிலே லண்டனுக்குப் போய் இதைப் பதிவு செய்தார்கள். ஒரே தடவை வாசித்தார்கள், முடிந்தது. நாலரை நிமிடப் பாட்டு, அந்நாள் வழக்கத்திற்கு மிக நீளம். ஆயினும் அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டனிலும் செப்டம்பரில் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பிடித்தது.

இனித்தான் கதை இருக்கிறது. பழம் பாட்டுக்கு ஆசிரியர் இல்லையென்றால், அதை இசையமைத்துச் செப்பம் செய்தவருக்கே உரிமைப் பணம் சேரும். செப்பம் செய்தவர்கள் ஐவர். இசைத்தட்டில் அச்சானதோ பிரைஸ் ஒருவரின் பெயர். ஐந்து பெயருக்கு இடமில்லை, அகரவரிசையில் 'ஆலன்' முந்திக்கொண்டது என்பது பர்டன் சொன்ன விளக்கம். செக்ரோலில் பெயர் ஏறாத நாளுக்குச் சம்பளம் உண்டா? உரிமைப் பணம் பிரைஸுக்கே போயிற்று. 1965இல் அவர் குழுவை விட்டு விலகினார். மற்றவர்களின் மனக்கசப்பு விலகவில்லை.

அதே ஆண்டு பாடிய 'வி காட்டா கெட் அவுட் ஆஃப் திஸ் பிளேஸ்', உழைத்து உழைத்து நரைத்த தந்தையைக் கண்டு, இந்த ஊரை விட்டே போய்விடவேண்டும் என்று துடிக்கும் இளைஞனின் பாட்டு. எழுதியவர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த பாரி மான், சிந்தியா வைல் தம்பதியர். பர்டன் பாடிய பிறகு அது நியூகாசல் பாட்டாகவே ஆகிவிட்டது. வியட்நாமில் சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாய்களும், வீடு திரும்பும் ஏக்கத்தில் அதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டனர்.

1966இல் பழைய குழு கலைந்தது. பர்டன் கலிபோர்னியா சென்றார். 1970இல் 'வார்' என்னும் குழுவோடு அவர் பாடிய 'ஸ்பில் தி வைன்' அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை ஏறியது. சாண்ட்லரோ ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்னும் கிதார் மேதையை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1983இல் ஐவரும் கூடி மறுபடி மேடையேறினார்கள். அந்த ஒற்றுமையும் நீடிக்கவில்லை.

கிதார் பழகத் தொடங்கும் பிள்ளைகள் பலர் அந்தப் பழம் பாட்டின் தொடக்க இசையைத்தான் வாசித்துப் பழகுகிறார்கள். அந்த விரலோட்டம் ஹில்டன் வேலன்டைனுடையது. 2021 ஜனவரியில், 77ஆம் வயதில் அவர் காலமானார்.