லூசியானா: கைமாறிய மண்ணும் தங்கிய மொழியும்

அமெரிக்காவில் மாவட்டத்தைப் பெரும்பாலும் 'கவுண்டி' என்பார்கள். லூசியானா மாநிலத்தில் மட்டும் அதற்குப் பெயர் 'பாரிஷ்', அதாவது பங்கு. கோவில் பங்குகளை வைத்து நிர்வாகம் நடந்த பிரெஞ்சு, ஸ்பானிய காலத்து வழக்கம் இன்னும் மாறவில்லை. அங்கே 64 பாரிஷ்கள் இருக்கின்றன. அந்த மாநிலத்தின் கதையில் நம்மூர்க்காரர்களுக்குப் பழக்கமான பல விஷயங்கள் வருவதால் இதை எழுதுகிறேன்.

1682 ஏப்ரல் 9-ஆம் தேதி, மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் லா சால் என்பவர் சிலுவை நட்டு, அந்த ஆற்றுப் படுகை முழுவதும் பதினான்காம் லூயி மன்னருக்குச் சொந்தம் என்று அறிவித்தார். மன்னர் பெயரால் அது 'லூயிசியான்' ஆயிற்று. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை. 1718-இல் பியேன்வில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை நிறுவினார். மறு ஆண்டு, லூசியானாவை வைத்திருந்த ஜான் லாவின் கும்பெனி, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1731-இல் லூசியானாவை மன்னரிடம் திருப்பிக் கொடுக்கும் வரை, அந்த ஊருக்கும் நம் புதுச்சேரிக்கும் எசமான் ஒரே கும்பெனிதான்.

அடுத்த தொடர்பு 1763 பாரிஸ் உடன்படிக்கை. ஆங்கிலேயர் 1761-இல் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரி இந்த உடன்படிக்கையால்தான் பிரான்சுக்குத் திரும்பியது. அதே உடன்படிக்கையில் மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த நிலம் ஆங்கிலேயருக்குப் போனது. நியூ ஆர்லியன்ஸையும் மேற்குக் கரையையும் 1762-லேயே ஸ்பெயினுக்கு இரகசியமாக எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஊர் மக்களுக்கு இந்தச் செய்தி 1764-இல்தான் தெரிந்தது. 1768-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானிய கவர்னரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். மறு ஆண்டு ஸ்பெயின் பெரும்படையோடு வந்து, தலைவர்கள் ஐவரைச் சுட்டுக் கொன்றது.

இந்தக் காலத்தில்தான் அகாடியர்கள் வந்து சேர்ந்தார்கள். கனடாப் பக்கம் குடியிருந்த பிரெஞ்சுக் குடியானவர்கள் இவர்கள். 1755 முதல் ஆங்கிலேயர் இவர்களை வீடுவாசலை விட்டுத் துரத்தினார்கள். பல ஆண்டு அலைச்சலுக்குப் பின் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் குடியேறினார்கள். 'கேஜன்' என்று இன்று சொல்லப்படுபவர்கள் இவர்கள் வழிவந்தவர்களே.

1800-இல் நெப்போலியன் லூசியானாவை ஸ்பெயினிடமிருந்து திரும்ப வாங்கினான். ஆனால் ஹெய்ட்டித் தீவில் அடிமைகள் நடத்திய புரட்சியும் மஞ்சள் காய்ச்சலும் அவன் அனுப்பிய படையை அழித்துவிட்டன. அந்தத் தீவு இல்லாமல் லூசியானாவால் அவனுக்குப் பெரிய பயன் இல்லை. இங்கிலாந்தோடு போருக்குப் பணமும் தேவைப்பட்டது. 1803-இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றான். ஏறக்குறைய 8,28,000 சதுர மைல், ஏக்கர் மூன்று சென்ட்டுக்கும் குறைவு. நவம்பர் 30-ஆம் தேதி ஸ்பானியக் கொடி இறங்கிப் பிரெஞ்சுக் கொடி ஏறியது. இருபதே நாளில், டிசம்பர் 20-ஆம் தேதி, அதுவும் இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியது. இப்படி வாங்கிய பரப்பின் தென்கோடித் துண்டுதான் 1812 ஏப்ரல் 30-ஆம் தேதி லூசியானா என்ற 18-ஆவது மாநிலம் ஆனது.

கொடி மாறினாலும் சட்டம் மாறவில்லை. மற்ற மாநிலங்கள் ஆங்கிலேயர் வழிச் சட்டத்தைப் பின்பற்ற, லூசியானா மட்டும் பிரெஞ்சு, ஸ்பானிய வழி சிவில் சட்டத்தையே வைத்துக்கொண்டது. 1825-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இரு மொழியிலும் அச்சானது. பிள்ளைகளுக்குச் சொத்தில் கட்டாயப் பங்கு உண்டு, தகப்பன் நினைத்தபடி உயில் எழுதிவிட முடியாது என்ற விதி அங்கே நெடுங்காலம் இருந்தது. இப்போது 24 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும், தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாதவர்களுக்கும் மட்டும் அது உண்டு. நம்மூர் ரெனோன்சான் குடும்பத்தாருக்கு இந்த விதியை விளக்கவேண்டியதில்லை.

மாறாத இன்னொன்று அடிமைமுறை. 1724-இல் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த கறுப்பர் சட்டத்தில் தொடங்கி, உள்நாட்டுப் போர் வரை வயல்கள் அடிமைகளின் முதுகில்தான் விளைந்தன. விடுதலைக்குப் பிறகும் 1890-இல் ரயிலில் வெள்ளையருக்குத் தனிப் பெட்டி என்று மாநிலம் சட்டம் போட்டது. அதை எதிர்த்து, பிரெஞ்சு பேசிய கலப்பினத்தார் நியூ ஆர்லியன்ஸில் 'கொமித்தே தே சித்துவாயேன்' என்ற குழு அமைத்தார்கள். 1892-இல் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஓமர் பிளெசி, வேண்டுமென்றே வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்து கைதானார். 1896-இல் உச்ச நீதிமன்றம் 'தனியாக இருந்தாலும் சமம்தான்' என்று தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மட்டும் மறுபக்கம். பள்ளிகளைப் பொறுத்தவரை அந்தக் கொள்கை செல்லாது என்று சொல்ல 1954 வரை ஆயிற்று. பிளெசிக்கு மாநில கவர்னர் மன்னிப்பு வழங்கியது 2022-இல்.

இனி மொழிக்கு வருகிறேன். பிரெஞ்சில் படித்து, பிறகு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால், 1803 உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு என் கண்ணில் பட்டது. அம்மக்களின் சுதந்திரம், சொத்து, மதம் மூன்றுக்கும் பாதுகாப்பு உண்டு என்று அது சொல்கிறது. மொழி என்ற சொல்லே இல்லை. ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் வீட்டிலும் சந்தையிலும் கோவிலிலும் பிரெஞ்சு புழங்கியது. 1921 அரசியல் சட்டம், பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் நடத்தவேண்டும் என்றது. வாய் தவறிப் பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்குப் பிரம்படியும், 'இனிப் பேசமாட்டேன்' என்று பக்கம் பக்கமாக எழுதும் இம்போசிஷனும் கிடைத்தன. அடிபட்ட பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளிடம் பிரெஞ்சு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

1968-இல் மாநில அரசே பிரெஞ்சை வளர்க்க ஒரு மன்றம் அமைத்தது. பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் கியூபெக்கிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு வேறு, பாட்டிகள் பேசிய பிரெஞ்சு வேறு.

நம்முடைய 1956 ஒப்படைப்பு உடன்படிக்கையைப் பாருங்கள். மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காத வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது. அங்கே ஒரு வரிகூட எழுதவில்லை, இங்கே தெளிவாக எழுதினார்கள். அப்படியும் நம்மூர்த் தெருக்களில் இன்று பிரெஞ்சு பேசும் குரல் எத்தனை வீட்டிலிருந்து கேட்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நமக்காவது தாய்மொழியாகத் தமிழ் இருந்தது. கேஜன் பாட்டிக்குப் பேரனோடு பேச வேறு மொழி இல்லை.