வேளிக் காயலில் வந்திறங்கிய 'ஆப்பிரிக்கன் பாயல்'

திருவனந்தபுரத்து வேளிக் காயலில் 1955இல் அயல்நாட்டு நீர்ப்பெரணி ஒன்று முதன்முதலாகக் காணப்பட்டது. கேரள மக்கள் அதனை 'ஆப்பிரிக்கன் பாயல்' என்றழைத்தனர். அதன் தாயகமோ தென்கிழக்குப் பிரேசில். தனி இனமென அறிவியல் அதனை வரையறுத்ததே 1972இல்தான்.

மலட்டுச் செடியாயினும், ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச்செடியாகும். 1964 முதல் அது பெருங்களையாயிற்று. குட்டநாட்டு வயல்களை மூடியது, தோணிகளைத் தடுத்தது. வாரி அகற்றியபோதும் எஞ்சிய துண்டுகள் மீண்டும் தழைத்தன.

தீர்வும் பிரேசிலிலிருந்தே வந்தது. அங்கு அப்பெரணியைத் தின்று வாழும் சிறு கூன்வண்டு, ஆஸ்திரேலியா வழியாகக் கொணரப்பெற்று 1980களில் கேரள நீர்நிலைகளில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் கால்வாய்கள் பல தெளிந்தன. ஆனால் வெறுமையான நீர்ப்பரப்பை மற்றொரு தென்னமெரிக்கச் செடியான ஆகாயத்தாமரை பற்றிக்கொண்டது. கழிவுநீர் உரமூட்டும்வரை, ஒரு களை விலகிய இடத்தில் இன்னொன்று குடியேறும்.